கழுத்து நீங்கலாக

எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி, "எப்பிடி நடந்தது?" என்பதுதான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு மரக்கறிக் கடைக்கும் முடி வெட்டுகிற கடைக்கும் நடுவில் இருந்த பிசியோதெரபி கிளினிக் அது. அதன் வரவேற்பு மேசையில் நான் நெடுங்காலம் இருந்தவள். பனியில் வழுக்கியது, வேலையில் பாரம் தூக்கியது, பின்னால் வந்த கார் இடித்தது. பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே நான் எழுதி முடித்துவிடுவேன்.

ஒரு ஜனவரி மாதம், புதுவருட விடுமுறை கழிந்த முதல் வேலைநாள், கதவைத் திறந்ததுமே ஒருவர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். குளிர்ச்சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். மற்றக் கை சட்டைக்குள் இருந்தது.

"எப்பிடி நடந்தது?"

"என்னை ஒருத்தன் தலைக்கு மேல தூக்கிக் கீழ போட்டிட்டான் அக்கா."

பொலிஸுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"இல்லை. அவன் சரியான முறையிலதான் போட்டவன்."

அவர் மல்யுத்த வீரர். தொலைக்காட்சியில் வருகிற பெரிய கம்பனிகளின் ஆள் அல்ல. சனிக்கிழமைகளில் சமூக மண்டபங்களில் மடிப்புக் கதிரைகள் போட்டு நடத்துகிற சிறு குழுக்களுக்காகச் சண்டை பிடிக்கிறவர். எந்தக் குழுவுக்கும் அவர் ஊழியர் அல்ல. ஒரு இரவுக்கு ஒரு சிறு தொகை, பெற்றோல் காசு, சில இடங்களில் இரண்டு துண்டு பீட்சா. விழுந்தால், விழுந்தவர் பாடு. வாரநாட்களில் ஓடு விற்கிற ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்குவார். அதுவும் ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை. வேலைக்குப் போன நாளுக்கு மட்டும்தான் சம்பளம்.

தோள் விலகியது நவம்பரில். வந்தது ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "வச்சிருந்தனான்," என்றார்.

இதன் காரணம் எனக்கு உடனே விளங்கிற்று. ஆஸ்பத்திரிக்கும் டொக்டருக்கும் மாகாணம் பணம் கட்டும். எங்களைப் போன்ற கிளினிக்குக்குக் கட்டாது. அவருடைய மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தார். அந்த வேலையோடு வருகிற பெனிபிற் என்கிற மருத்துவக் காப்புறுதிதான் இவருக்கும் சேர்த்து. வருடத்துக்கு ஒரு எல்லை உண்டு. மார்ச் மாதத்தில் இவர் அதை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வருகிற நோவெல்லாம் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்கும். நான் இருந்த காலத்தில் அவர் வருடத்தின் முதல் வேலைநாளைத் தவறவிட்டதில்லை.

மேடையில் அவர் ஏற்றிருந்த வேடம் வீட்டுச் சொந்தக்காரன். மண்ணிறத் தோல் ஜக்கற், சட்டைப் பையில் பேனை, இடுப்பில் வீட்டுச் சாவிகளெல்லாம் கோர்த்த பெரிய திறப்புக்கோர்வை. ஒலிவாங்கியைப் பிடித்து, அடுத்த மாதம் எல்லாருக்கும் வாடகை கூடுகிறது என்று அறிவிப்பார். ரொறன்ரோவில் இதைவிட வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கத்தும். பிறகு யாராவது ஒரு நல்லவன் வந்து அவரைத் தூக்கிப் போட்டு வெல்வான். தோற்ற பிறகு எழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஹீற்றரையும் நிப்பாட்டுவன்!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுப் போவார்.

அவர் தோர்செற் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழான தளத்தில், வாடகைக்கு இருந்தார். மேல் மாடியில் வீட்டுக்கார அங்கிள். ஒருநாள் யாரோ, இவர் வேடத்தோடு நிற்கிற போட்டி விளம்பரத்தாள் ஒன்றை அங்கிளிடம் காட்டிவிட்டார்கள். அங்கிளிடமும் ஒரு மண்ணிறத் தோல் ஜக்கற் இருந்தது.

"உது என்னையோ தம்பி?" என்று கேட்டாராம்.

"இல்லை அங்கிள். இது வேற ஒரு வீட்டுக்காரன்."

அந்த மாதத்திலிருந்து சலவை இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகியது.

யார் வெல்வது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்கப்படுகிறது என்பது அந்த மண்டபங்களுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் தெரியும். விழுகிற உயரம் உண்மை, பலகை உண்மை, விலகிய தோள் உண்மை. முடிவு மட்டும் ஏற்பாடு. இந்த ஒன்றை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டார். எங்களிடம் மட்டுமல்ல, வீட்டிலும் அப்படித்தான். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் கடைசியில் இந்த இடத்துக்கே வந்து நிற்கிறது.

"ஏன் தம்பி எப்பவும் நீங்களே தோக்கிறியள்?" என்று ஒருமுறை வேண்டுமென்றே கேட்டேன்.

"மற்றவன் நல்லாச் செய்யிறான் அக்கா. நான் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுக்கவேணும்."

முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

எங்கள் பிசியோ டொக்டர் பொறுமையான மனிதர். இடது தோளில் அடி படாமல் பார்க்கச் சொல்லி எதிராளியோடு முன்பே பேசி வைத்தால் என்ன என்று கேட்டார். வீரர் மின்சார ஒட்டுகளோடு குப்புறப் படுத்திருந்தபடியே தலையைத் திருப்பினார்.

"சண்டைக்குப் போறவன் எதிராளியிட்டப் போய், எனக்கு இந்த இடத்திலதான் நோ எண்டு காட்டிக் குடுக்கிறதோ டொக்டர்?"

டொக்டர் மின்சாரத்தை ஒரு புள்ளி கூட்டினார்.

அமெரிக்க எல்லைக்கு அங்கால் போட்டி என்றால் இன்னொரு வேடிக்கை. பஃபலோ பக்கம் சிலவேளை வான் வண்டியில் கூட்டிப் போவார்கள். அங்கே எலும்பு முறிந்தால் மாகாணக் காப்புறுதி கொடுப்பது கண்துடைப்புக்குத்தான். விமான நிலையத்தில் விற்கிற பயணக் காப்புறுதியோ, காசுக்குச் சண்டை பிடிக்கிறவரை முதலிலேயே விலக்கிவிடும். அதனால் அமெரிக்காவில் அவர் கயிற்றுக்கு மேல் ஏறுவதில்லை. மேடையைச் சுற்றி ஓடுவார், நடுவருக்குப் பின்னால் ஒளிவார், கும்பிடுவார்.

"எல்லை தாண்டினா எனக்குக் கொஞ்சம் பயம் வாறது," என்றார். "சனம் நல்லாச் சிரிக்கும். அங்க என்னைத்தான் கூடக் கூப்பிடுறாங்கள்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரேயொரு தரம்தான் விளக்கினார். முன்வரிசையில் எப்போதும் வந்து இருக்கிற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் பற்றிச் சொன்னார். ஒருநாள் அந்தப் பெண் தன் வீட்டுக்கு வந்த வாடகை உயர்வுக் கடிதத்தை மடித்துக் கொண்டுவந்து, இவருக்கு முன்னால் துண்டு துண்டாகக் கிழித்து எறிந்தாராம். அன்றைக்கு இவர் தோற்றபோது அந்த அம்மா அழுதாராம்.

"அவவுக்கு நான் போய், இதெல்லாம் பேசி வச்சது எண்டு சொல்லுறதோ?"

மனைவிக்கு இந்தத் தத்துவத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வேலை முடிந்து அவரைக் கூட்டிப்போக வருவார். சீருடையோடு, நின்ற நிலையிலேயே கதைப்பார்.

"நான் அங்க கிழடுகளைத் தூக்கித் திருப்பிப் பெனிபிற் உழைக்கிறன். இவர் அதைக் கொண்டுபோய்ச் சனிக்கிழமையில செலவழிக்கிறார்."

"நான் என்ன வேணுமெண்டே விழுறனோ?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஒருக்காவெண்டாலும் வெண்டுபோட்டு வந்து படுங்கோவன். எந்த நாளும் தோத்த மனுசனுக்கு நான் ஐஸ் வைக்கவேண்டிக் கிடக்கு."

அவர் குளிர்ச்சட்டையை எடுத்து மாட்டினார். பதில் சொல்வதென்றால் உண்மையைச் சொல்லவேண்டும்.

மனைவி பிள்ளைத்தாச்சி என்று தெரிய வந்தது ஒரு பெப்ரவரியில். அதோடுதான் காப்புறுதி முகவர் கதைக்குள் வருகிறார். எங்கள் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முருகனுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். கலியாண வீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் அவரைக் காணலாம். வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் ஒரு தொகை தருகிற காப்புறுதி ஒன்று கணவனுக்கு எடுக்கவேண்டும் என்று மனைவி முகவரைப் பிடித்தார். நியாயமான கவலை. மகப்பேற்று விடுப்பில் மனைவி வீட்டிலும், முறிந்த காலோடு இவர் கட்டிலிலும் இருந்தால், மேல் மாடி அங்கிள் மாதம் பிறந்ததும் கீழே இறங்கி வருவார்.

"சண்டைக்காரன் எண்டு போட்டா ஒரு கம்பனியும் தராது," என்றார் முகவர். "ஆனா நடிகன் எண்டா தருவாங்கள். கொஞ்சம் கூடக் கட்டவேணும், அவ்வளவுதான். கம்பனியில இருந்து போன் எடுத்து ஒரு கேள்வி கேப்பாங்கள். போட்டியின்ர முடிவு முதலே தீர்மானிச்சதோ எண்டு. நீ ஓம் எண்டு சொல்லு. காணும்."

பேஸ்மென்றில் மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் என்று, தொலைபேசியை எங்கள் பின்னறையில் வைத்துப் பேச ஒழுங்கு செய்தார்கள். வீரர் தோளில் சூட்டுப்பையோடு இருந்தார். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது, கதவு சாத்தப்படவில்லை. மேசையிலிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

கம்பனிப் பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினாள். உயரம், நிறை, புகைப்பழக்கம். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் பங்குபற்றுகிற போட்டிகளின் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறதா?

முகவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கண்ணாடி நழுவும் அளவுக்கு ஆட்டினார்.

"இல்லை," என்றார் வீரர். "நான் ஒவ்வொரு முறையும் வெல்லத்தான் ஏறுகிறேன்."

"கடந்த வருடத்தில் எத்தனை முறை வென்றீர்கள்?"

"ஒருமுறையும் இல்லை."

"நன்றி," என்றாள் அந்தப் பெண்.

தொலைபேசி வைக்கப்பட்டதும் முகவர் வெடித்தார். "ஒரு சொல்லடா! ஓம் எண்டு ஒரே ஒரு சொல்லு! நீ நடிகன் எண்டு ஊருக்கே தெரியும்!"

"நான் நடிகன் இல்லை அண்ணை."

"அப்ப நீ என்ன?"

அவர் சூட்டுப்பையைத் தோளிலிருந்து எடுத்து வைத்தார். "தோக்கிறவன்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மனைவி பிறகு கொஞ்ச நாள் அவரைக் கூட்டிப்போக வரவில்லை. அவர் பஸ்ஸில் போனார்.

மே மாதத்தில் ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். பெனிபிற் எப்போதோ முடிந்திருந்தது. அதனால் சிகிச்சைக்கு வரவில்லை என்று தெரிந்தது.

"வாற சனிக்கிழமை ஒரு போட்டி இருக்கு அக்கா. மோர்னிங்சைட் பக்கம். அவவும் வாறா. நீங்களும் வந்தா அவவுக்குத் துணையாயிருக்கும்."

அதற்கு முன் அவர் யாரையும் அழைத்ததில்லை. "என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. பயிற்சி நல்லாப் போகுது. இந்த முறை எனக்கு ஒரு மாதிரி நம்பிக்கை கிடக்கு."

நான் போனேன். முன்வரிசையில் அவர் சொன்ன வெள்ளைக்கார அம்மா, மடியில் கிழிப்பதற்கென்று ஒரு கட்டுக் கடதாசியோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும். வீரர் திறப்புக்கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வந்து வாடகையைக் கூட்டினார். மண்டபம் எழுந்தது. எனக்கு அருகில் பிள்ளைத்தாச்சியும் எழுந்து, "போடா வெளியால!" என்று கத்தினார். அவரும் வாடகை கட்டுகிறவர்தானே.

எதிராளி ஒரு பென்னாம்பெரிய ஆள், வயதால் அல்ல, உடம்பால் பெரியவர். பகலில் பஸ் திருத்துகிறவராம். வழக்கத்துக்கு மாறாக அன்று வீட்டுக்காரன் நன்றாகவே சண்டை பிடித்தார். இரண்டு முறை அந்த ஆளைக் கீழே போட்டார். சனம் கொதித்தது. பிறகு அந்தப் பெரியவர் கயிற்றின் மேல் ஏறினார். சப்பாத்து வழுக்கியது. பாயவேண்டிய இடத்தில் பாயாமல், பாதி வழியில் சரிந்து, முழங்காலோடு வந்து வீட்டுக்காரனின் பின்கழுத்தில் விழுந்தார்.

நடுவர் குனிந்து, விழுந்து கிடந்தவரிடம் ஏதோ கேட்டார். பெரியவரின் முகம் வெளிறியது. பிறகு அவர் மிக மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை போடுவதுபோல, வீட்டுக்காரன் மேல் சாய்ந்தார். நடுவர் மூன்றுவரை எண்ணினார். மணி அடித்தது. மண்டபம் கைதட்டியது.

"பாத்தியளே அக்கா," என்றார் மனைவி. "இண்டைக்கும் தோத்துப்போட்டார்."

அடுத்து அவர் எழுந்து, ஹீற்றரை நிறுத்துவேன் என்று கத்தவேண்டும். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். முதலில் கையிலிருந்த கடதாசியைக் கீழே வைத்தது அந்த அம்மாதான். "வீட்டுக்காரருக்கு ஏதோ நடந்துவிட்டது," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது, கைதட்டலுக்குள்ளும் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பில் ஒரு வெடிப்பு என்றார்கள். நரம்பு வீங்கியிருந்தது. தோளுக்குக் கீழே கைகள் இரண்டும் வேலை செய்யவில்லை. அடுத்தநாள் மத்தியானம் அந்தப் பெரியவர் ஒரு பூங்கொத்தோடு வந்து கட்டில் அருகே நின்று அழுதார்.

"உவன்தானே!" என்று மனைவி எழும்பினார்.

"அவனில பிழையில்லை," என்றார் வீரர், கூரையைப் பார்த்தபடி. "நல்லா விளையாடினவன். வெண்டவன்."

பெரியவரால் தாங்க முடியவில்லை. "நோ நோ, அக்கா," என்று அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லோடு மனைவியிடம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்கினார். "அது அப்படி நடக்க இருந்ததில்லை. அன்றைக்கு அவர்தான்..."

அப்போது போர்வைக்கு மேல் கிடந்த வலக்கையில் ஒரு விரல் உயர்ந்தது. பேசாதே என்கிற மாதிரி. பெரியவர் வாயை மூடினார். பக்கத்தில் நின்ற தாதி டொக்டரைக் கூப்பிட ஓடினார். விரல் அசைவு மிக நல்ல அறிகுறி என்று டொக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிச் செலவை மாகாணம் கட்டியது. கழுத்துப் பட்டிக்கும், பிறகு எங்கள் கிளினிக்கில் விரல் விரலாகப் பழக்கியதற்கும், ஓடு இறக்கப் போகாத மாதங்களுக்கும் யாரும் கட்டவில்லை. எங்கள் டொக்டர் பார்த்தார். காசுக் கதை எடுக்கவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மாவும் மண்டபத்து ஆட்களும் ஒரு சனிக்கிழமை தொப்பியைச் சுற்றி அனுப்பினார்கள். வீட்டுக்காரனுக்காக வாடகைக்காரர்கள் சேர்த்த பணம் என்று அறிவித்தார்களாம். அது வாடகையாக மேல் மாடி அங்கிளிடம் போய்ச் சேர்ந்தது.

செப்ரெம்பரில் முகவர் மறுபடி வந்தார். இன்னொரு கம்பனி இருக்கிறதாம். டொக்டர் கடிதம் கொடுத்தால் யோசிப்பார்களாம். மறுபடி பின்னறை, மறுபடி தொலைபேசி. இந்த முறை மனைவியும் வந்து, நிறைமாதத்தோடு கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். முகவர் தலையாட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டவர் ஒரு ஆண். உயரம், நிறை, புகைப்பழக்கம். பிறகு அதே கேள்வி.

பின்னறையில் சூட்டுப்பை வைக்கிற பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

"ஓம்," என்றார். அந்த ஒரு சொல்லைத் தமிழில்தான் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். "ஆம். எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது."

"உங்களுக்குக் காயம் ஏற்பட்ட கடைசிப் போட்டியுமா?"

"அதுவும்தான். அது மட்டும் மாறிப்போய்விட்டது. அன்றைக்கு நான் வெல்ல இருந்தேன். நான்தான் அப்படிக் கேட்டு வாங்கினேன்."

அந்த மனிதருக்கு இந்தக் கடைசி வாக்கியங்கள் தேவைப்பட்டிருக்காது. விசைப்பலகைச் சத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

அழைப்பு முடிந்த பிறகும் மனைவி எழும்பவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்கக்கூடாதென்று நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்," என்றார் கடைசியில்.

"எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லியிருந்தா நான் அண்டைக்கு அந்த மனுசியோட சேந்து உங்களை ஏசியிருக்கமாட்டன்."

"அது பரவாயில்லை," என்றார் அவர். "நல்லாத்தான் கத்தினனீர்."

காப்புறுதி கிடைத்தது. பத்திரத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். உடம்பின் எந்தப் பாகத்துக்கு எந்தக் காயம் வந்தாலும் பணம் உண்டு, கழுத்து நீங்கலாக. தொழில் என்ற இடத்தில் மேடை நடிகர் என்று இருந்தது.

"இனித் துணிஞ்சு ஏறலாம்," என்றேன்.

"இல்லை அக்கா. விட்டாச்சு."

டொக்டர் வேண்டாம் என்றாரா என்று கேட்டேன். ஆறு மாதத்தில் மெல்லத் தொடங்கலாம் என்றுதான் சொன்னாராம்.

"அதில்லை. ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டன். இனி எப்பிடி ஏறுறது?"

அந்தத் திறப்புக்கோர்வையைப் பஸ் திருத்துகிற பெரியவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாடகையை இப்போது அவர்தான் கூட்டுகிறார். வீரர் பாரம் தூக்காத ஒரு வேலைக்கு, களஞ்சியத்தின் கணினிக்கு முன்னால், மாறிவிட்டார். காப்புறுதிக் கட்டணத்தை மாதாமாதம் தவறாமல் கட்டினார் என்று முகவர் சொன்னார்.

கடைசியாக அவரைக் கண்டது எங்கள் கிளினிக்குக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில். ஒரு சனிக்கிழமை மத்தியானம். மகளுக்கு இரண்டு வயதுக்கு மேல் இருக்கும். காப்புறுதி இல்லாத அந்த ஒரே இடத்தில் அவளை இருத்தி, இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் அவருடைய தலைமுடியைப் பிடித்து இழுத்து, குதிக்காலால் நெஞ்சில் உதைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையைக் கீழ இறக்கிவிடுங்கோவன் தம்பி," என்றேன்.

"சொன்னனான் அக்கா. ஆள் விடுறா இல்லை." முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நான் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுக்கவேணும்."